கேட்டுக்கு உள்ளே ஒரு விளி, வெளியே ஒரு விளி

  

பணியிட அவமதிப்பு பற்றி எனக்கும் என் துறை நண்பர்களுக்கும் பல ஆண்டுகளாக ஒரு வழக்கு உண்டு.  திட்டுகிறவரின் சுபாவமே காரணம், கோபத்தை அடக்கப் பயிற்சி கொடுத்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. 1999-இல் ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பியர்சனும், புண்படுத்தும் நோக்கம் தெளிவாகத் தெரியாத மரியாதைக் குறைவு என்று பணியிட அவமதிப்பை வரையறுத்தார்கள். அன்றிலிருந்து நாமும் நோக்கத்தையே துருவிக்கொண்டிருக்கிறோம். யாரிடம் அப்படிப் பேசலாம் என்பதை ஆலை முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது என்பது என் கட்சி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருட்டாலை. ஷிப்ட் முடியும் நேரம். இருபத்தைந்து வயது சூப்பர்வைசர், ஐம்பதைத் தாண்டிய காண்ட்ராக்ட் ஹெல்பரிடம், "டேய், கம்பியை எடுடா, காது கேக்கலையா?" என்கிறார். ஹெல்பர் தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்து, "எடுக்கிறேன் சார்" என்கிறார். பக்கத்தில் அதே வேலை பார்க்கும் பெர்மனென்ட் தொழிலாளிக்கு, "அண்ணே, கொஞ்சம் பாருங்க." அரை மணி கழித்து, கேட்டுக்கு எதிரே டீக்கடை. அதே சூப்பர்வைசர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு அதே ஹெல்பரிடம், "உக்காருங்கண்ணே, டீ சொல்லட்டுமா?" என்கிறார். ஒரு கேட்டைத் தாண்டியதும் சுபாவம் மாறிவிடுமா?

'டா' பாசத்தில் வருவது என்பார்கள். பாசம் என்றால் பதிலுக்கும் வர வேண்டும். முன்னிலைச் சொற்களை ஆராய்ந்த பிரவுனும் கில்மனும் 1960-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: இருபுறமும் ஒரே சொல் என்றால் நெருக்கம், ஒருபுறம் மட்டும் என்றால் அதிகாரம். ஹெல்பரிடமே கேட்டேன். "நான் 'டா' போட்டா நாளைக்கு கேட்பாஸ் இருக்காது சார்" என்றார்.

பணியிட அவமதிப்பை அளக்க 2001-இல் கோர்ட்டினா குழுவினர் உருவாக்கிய ஏழு கேள்வி அளவுகோலைத் தமிழில் அந்த ஹெல்பருக்குப் படித்துக் காட்டினேன். முறையற்று விளிக்கப்பட்டீர்களா என்ற கேள்விக்கு, "இல்லை சார், வேலைன்னா அப்படித்தானே" என்றார். நம் அட்டவணையில் அது பூஜ்யமாக ஏறும். அந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான் இங்கே அவமதிப்பு குறைவு என்று நண்பர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

கேள்வித்தாளுக்கு எட்டாதது இன்னொன்றும் உண்டு. கும்மிடிப்பூண்டி இருக்கும் அதே மாவட்டத்துப் பூந்தமல்லியில், 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் விடுதியில் கெட்ட உணவால் 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதி அறைகளின் நெரிசல் ஊருக்குத் தெரிந்தது. அதுவரை எந்தக் கேள்வித்தாளில் அது பதிவாகியிருக்கும்? 

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். ஆனால் அது பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டுமே. எல்லா வகைத் துன்புறுத்தலையும் உள்ளடக்கிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு 190-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை: பீகார், ஒடிசாத் தொழிலாளர்களின் விளிகளை அவரவர் மொழியிலேயே கேட்க வேண்டும். விடுதி வார்டன்களின் பேச்சு, கம்பெனி பஸ்ஸில் யாருக்கு எந்த சீட், இவையும் உண்டு. முதலில் ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு ஷிப்ட் முழுக்கக் கேட் அருகில் நின்று, உள்ளே ஒரு பக்கம், வெளியே ஒரு பக்கம் என விளிச்சொற்களை மட்டும் நோட்டில் எழுதி வரட்டும்.