பாலையில் பெய்த மழை



போன மாதம் ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "பாலைவனத்துல மழை கூடுதலா பெய்ஞ்சா நல்லதுதானே சார்? அதுல என்ன கெடுதல்?" நியாயமான கேள்விதான். மானாவாரிக்காரருக்கு மழை என்றால் கசக்குமா?

2018 மே மாதம் மெகுனு என்ற புயல் அரபு நாட்டுப் பக்கம் கரை கடந்தது. ரப் அல் காலி என்கிற பெரிய மணற்காட்டில், மழையே அபூர்வமான இடத்தில், தண்ணீர் ஏரி மாதிரி தேங்கி நின்றது. அக்டோபரில் லூபன் என்று இன்னொரு புயல் வந்து மறுபடியும் நனைத்தது. பாலைவன வெட்டுக்கிளி ஈர மணலில்தான் முட்டையிடும். காய்ந்த மணலில் முட்டை பொரிக்காது. ஆக, அத்தனை காலமும் அதை அடக்கி வைத்திருந்தது வறட்சிதான். அடுத்தடுத்து வந்த இந்த மழைகளால் ஒன்பதே மாதத்தில் மூன்று தலைமுறை பெருகிவிட்டது. எண்ணாயிரம் மடங்கு என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டது.

சரி, பிறகு காய்ந்ததே, அப்போது செத்துப் போயிருக்க வேண்டாமா? அங்கேதான் வினை. பச்சை சுருங்கச் சுருங்க, தனித்தனியாகத் திரிந்த பூச்சிகள் மிச்சமுள்ள செடிகளில் நெருக்கியடித்து உட்காருகின்றன. பின்னங்கால்கள் அடிக்கடி உரசினாலே போதும், குணம் மாறிவிடும். நாளடைவில் நிறமும் மாறும். ஒதுங்கி வாழ்ந்தது கூட்டம் சேர்ந்து காற்றோடு கிளம்பிவிடும்.

2019இல் அவை ராஜஸ்தானுக்கு வந்தன. அந்த வருஷம் பருவமழை அங்கே அக்டோபர் வரை விலகவில்லை. புல் காய வேண்டிய காலத்திலும் தார் பாலையில் பச்சை நின்றது, பூச்சியும் நின்றது. ராஜஸ்தானில் சீரகம், கடுகு, குஜராத்தில் ஆமணக்கு எல்லாம் போயிற்று. ஒரு பூச்சி தினமும் தன் எடைக்குத் தின்னும், இரண்டு கிராம்தான். ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் நாலு கோடி இருக்குமே! தட்டையும் தகரத்தையும் தட்டி எவ்வளவு நேரம் விரட்டுவது?

2020 மே கடைசியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளி மொய்த்ததும் நம் பக்கமும் கலங்கிப் போனோம். பார்த்ததில் அவை உள்ளூர் வகை. ஆகவே எருக்கில் வெட்டுக்கிளி கண்டவுடனே தெளிப்பானைத் தூக்க வேண்டாம். இளஞ்சிவப்பாகவோ முழு மஞ்சளாகவோ, பகலில் பெருங்கூட்டமாகப் பறந்து, பொழுது சாய மரங்களில் இறங்கினால் மட்டும் சந்தேகப்படுங்கள். நாலைந்தைப் பிடித்து ஒரு டப்பாவில் போட்டு, அன்றைக்கே வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டு வாருங்கள்.