பழம்பலகைச் சித்திரம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அடுப்புக்குப் போகவிருக்கும் ஒரு பலகையைப் பற்றி. தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளைத் தாங்கி வரும் மரத்தட்டுக்களைப் ‘பேலட்’ என்று வழங்குகிறார்கள். பெரும்பாலும் நாலடி நீளமும் மூன்றேகால் அடி அகலமும் உள்ளவை. இரண்டாம் உலகப்போரில் படைத்தளவாடங்களை விரைந்து ஏற்றி இறக்குவதற்காகப் பெருவழக்குக்கு வந்தவை. சரக்கு இறங்கியபின் இவற்றுள் பல பழைய மரக்கடைக்கு வந்து, அங்கிருந்து விறகாகப் போய்விடுகின்றன. இப்பலகைகளை இணைத்து, வண்ணந்தீட்டிச் சுவரில் மாட்டுவது மேனாடுகளில் இன்று ஒரு மோகமாகப் பரவியிருக்கிறது. அவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக நாமும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மரத்தையும் வண்ணத்தையும் ஓரிடத்தில் வாழவைத்த நாடு நம்முடையது என்பதை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடத்தில் திருப்புடைமருதூர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் ஏறிப் பார்க்கும் பேறு கிட்டுமாயின் விட்டுவிடாதீர்கள். வெளியே சுதைச் சிற்பம். உள்ளேயோ ஐந்து நிலைகளிலும் சுவர் நிறையச் சித்திரங்கள். புராணக் கதைகளுக்கு நடுவே போர்க்களமும், குதிரைகளை ஏற்றி வரும் மரக்கலமும் தீட்டப்பட்டுள்ளன. அச்சுவர்களுக்கிடையே நிற்கும் தூண்களும் தாங்கும் உத்திரங்களும் மரத்தாலானவை. அவற்றிலும் உளி புகுந்து விளையாடியிருக்கிறது. சித்திரக்காரனுடைய காவியும் கறுப்பும் தச்சனுடைய மரமும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் அழகைப் புகைப்படத்தில் காண இயலாது. ஒரு வேண்டுகோள்: சுவரைத் தொட்டுப் பார்க்காதீர்கள். நூற்றாண்டுகள் தாங்கிய வண்ணத்தை நம் விரலின் வியர்வையும் எண்ணெயும் சிறுகச் சிறுகத் தின்றுவிடும். பெயரைக் கீறி வைக்கும் பேர்வழிகளைப் பற்றிப் பேசவே எனக்கு மனமில்லை.

அதே ஆற்றங்கரையில் அம்பாசமுத்திரம். அவ்வூர்க் கடைசற்காரர் செய்யும் மரச்சொப்புக்களை வைத்துச் சமைத்து விளையாடாத நெல்லைக் குழந்தை முன்பு இருந்ததில்லை. சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. இந்த அரக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டும்.

இனிப் பலகைக்கு வருவோம். முதல் வேலை அதன் முத்திரையைப் படிப்பது. மரத்தோடு பூச்சிகள் நாடுவிட்டு நாடு செல்லாதிருக்க 2002-ஆம் ஆண்டில் உலகப் பொதுவிதி ஒன்று ஏற்பட்டது. அதன்படி பதப்படுத்திய மரத்தில் ஒரு கதிர்ச் சின்னமும் நாட்டின் குறியும் இருக்கும். கூடவே ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் உள்ளே 56 டிகிரி வெப்பம் 30 நிமிஷம் நிலைக்கும்படி சூடேற்றப்பட்டது என்று பொருள். அதை எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது. அது வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததையும், எண்ணெயோ இரசாயனமோ சிந்திக் கறை பிடித்ததையும் ஒதுக்கிவிடுங்கள். பழைய வர்ணம் பூசிய கதவுப் பலகை கிடைத்தால் அதைத் தேய்க்க வேண்டாம். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வர்ணத்தின் தூளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். இளம்பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் பெரும் பகை. தம்பி தங்கைகள் தவழும் வீட்டில் அந்தத் தூளைப் பறக்கவிடுவதைவிட அப்பலகையைத் தொடாதிருப்பதே மேல்.

பேலட்டின் ஆணிகள் முறுக்கும் வரையும் உள்ளவை, இலேசில் வாரா. பலகையை நெம்பினால் பிளக்கும். இடுக்கில் இரும்பறுக்கும் வாளை விட்டு ஆணியையே அறுத்துவிடுவது நல்ல தச்சர் செய்யும் முறை. பிறகு உப்புத்தாளால் தேயுங்கள். மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். சிலாம்பு போனால் போதும், வழவழப்பு வேண்டாம். ஆணித்துளையும் அதைச் சுற்றிய கருந்துருவும் அப்பலகையின் சரித்திரம், அவை இருக்கட்டும். புது மரத்தைச் சங்கிலியால் அடித்துப் பழையதுபோலக் காட்டுகிறவர்களும் உண்டு. அது நரைக்காத தலைக்கு வெண்சாயம் பூசுவது போன்றது.

பலகைகளை அடுக்கிப் பின்புறம் இரண்டு குறுக்குச் சட்டங்களை வைத்து இணைக்கும்போது, ஒவ்வொரு பலகைக்கும் சட்டத்துக்கு ஒரு திருகாணியாக, அகலத்தின் நடுவில் மட்டும் முடுக்குங்கள். மரம் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து அகலத்தில் பருக்கும். பங்குனி வெயிலில் சுருங்கும். நீளத்தில் அநேகமாக மாறாது. இரு ஓரங்களிலும் இறுக்கிவிட்டால் அசைய இடமின்றி வெடிக்கும். பலகைகளுக்கிடையே நூலளவு இடைவெளியும் தேவை.

பைன் மரத்தின் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து வர்ணத்தை மஞ்சளாக்கும். இங்கேதான் அம்பாசமுத்திரத்து அரக்கு உதவுகிறது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துக் கணுவின்மேல் இருமுறை தடவிக் காயவிட்டால் கசிவு நிற்கும். நெருப்பருகே இதைச் செய்யாதீர்கள்.

வர்ணத்தையும் நீங்களே கூட்டலாம். திரிந்த பாலின் திரளை நன்றாகப் பிழிந்து, ஐந்து பங்குக்கு ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்புக் குழைவு சேர்த்து அரைத்தால் உறுதியான பசை கிடைக்கும். பாலின் புரதமும் சுண்ணாம்பும் கலந்து தண்ணீரில் எளிதில் கரையாத பொருளாக மாறுவதே இதன் இரகசியம். வெறுஞ்சுண்ணாம்பு மரத்தில் உதிர்ந்துவிடும், இது பற்றும். செங்காவி, மஞ்சட்காவி, விளக்குக்கரி மூன்றையும் இழைத்துக் கலக்குங்கள். சுண்ணாம்பின் காரத்துக்கு இவை நிறம் மாறா. அன்றன்று கூட்டியதை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் எச்சரிக்கையாக இருங்கள்.

எதை எழுதுவது என்று கேட்பீர்கள். மேனாட்டுப் பலகைகளில் கலங்கரை விளக்கமும் இரண்டொரு ஆங்கில வாசகமும் மலிந்து கிடக்கின்றன. உங்களுக்குப் பாபநாசத்துப் படித்துறை இருக்கிறது; பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் கை இருக்கிறது; அறுத்த வயலில் மேயும் வாத்துக்கூட்டம் இருக்கிறது. மூன்று நிறமும் பலகையின் இயற்கை நிறமும் இவற்றுக்குத் தாராளமாகப் போதும். மரத்தின் வரைகளே நீரோட்டமாகத் தோன்றும் இடத்தில் தூரிகையை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

மாட்டும்போது சுவரோடு ஒட்ட வைக்கலாகாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள். சுவரின் ஈரம் எளிதில் வடிவதில்லை, ஈரமுள்ள இடத்தைக் கரையானும் தேடி வரும். பின்புறம் நான்கு மூலையிலும் அரையங்குலக் கட்டை வைத்துக் காற்றோட வழிசெய்து, தரையிலிருந்து உயரத்தில் மாட்டுங்கள். மாதத்துக்கொருமுறை கழற்றிப் பின்புறத்தைப் பார்த்துத் துடைத்து வையுங்கள்.