பைண்டிங் கடையில் இருபது நாள்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்க தம்பி இப்ப என்ன பண்றான்?" அவன்கிட்ட கேட்டுட்டுதான் இதைப் பேசுறேன்.

தம்பிக்கு டிஸ்லெக்ஸியா. காதால கேட்டா எதையும் பிடிச்சுக்குவான். எழுத்துல வந்தா தடுமாறுவான். 69-ஐ 96-னு படிப்பான். கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள்னு சலுகைகளோட பத்தாவது பாஸ் பண்ணிட்டான். ஆனா அந்தச் சலுகை எல்லாம் பரீட்சை ஹால் வாசலோட முடிஞ்சிடுது. அதுக்கு அப்புறம் என்ன?

லீவுல ஏதாவது ஒரு கடையில வேலை கத்துக்கட்டும்னு நெனச்சேன். அம்மா உடனே, "பதினாறு வயசுப் பையனை வேலைக்கு அனுப்பப் போறியா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். 14-லிருந்து 18 வயசு வரைக்கும் ஆபத்தான தொழில்கள்ல சேர்க்கக் கூடாது. மத்த இடங்கள்ல, இடைவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ராத்திரி 7-லிருந்து காலைல 8 வரைக்கும் வேலை வாங்கக் கூடாது. இதை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். அம்மா படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல. எங்க வீட்ல அதுக்குப் பேரு சம்மதம்.

முதல்ல சேர்த்தது ஒரு பெரிய கடையில. அங்க நான் ஒரு தப்பு பண்ணேன். அவனுக்கு டிஸ்லெக்ஸியான்னு சொல்லவே இல்லை. சொன்னா எடுக்க மாட்டாங்களோன்னு பயம். மூணாவது நாள் சரக்கு எண்ணி எழுதச் சொல்லியிருக்காங்க. நம்பர் மாறிப் போச்சு. எல்லார் முன்னாடியும், "இதுகூடத் தெரியாதா?"ன்னு கேட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்தவன் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. கத்தினவங்க மேல கோபம் இருக்கு. ஆனா அவனை மறைச்சுக் கூட்டிட்டுப் போனது நான்தானே?

அடுத்து திருவல்லிக்கேணியில ஒரு பைண்டிங் கடை. இந்தத் தடவை முதல் வார்த்தையே அதுதான். கடைக்கார பாய் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "எழுதிக் கொடுத்தா குழம்புவான், வாயால சொன்னா புரியுமா?" புரியும்னேன். "அப்ப வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டுடறேன்."

அவ்வளவுதாங்க. இதுக்கு ஒரு ரூபா செலவில்லை.

காலேஜ் ப்ராஜெக்ட் சீசன். முதல் வாரமே ஒரு ரிப்போர்ட்ல பக்கங்கள் இடம் மாறி ஸ்பைரல் போட்டாச்சு. பாய் திட்டல. பிரிச்சுத் திரும்பப் போட வச்சார். மறுநாள்லேர்ந்து தம்பியே பத்துப் பக்கத்துக்கு ஒரு கலர் சீட்டு வைக்க ஆரம்பிச்சான், பக்கம் எங்க மாறியிருக்குன்னு கண்ணுலயே தெரியற மாதிரி. இப்ப அந்தக் கடையில எல்லாருமே அப்படித்தான் அடுக்குறாங்க!

இதே மாதிரி ஒண்ணு அமெரிக்காவுல, சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில 1996-ல ஆரம்பிச்சிருக்கு. ப்ராஜெக்ட் சர்ச்னு பேர். அவசர சிகிச்சைப் பிரிவை நடத்தின எரின் ரீல், பொருள் அடுக்குற வேலைக்கு ஆள் நிக்காம தவிச்சப்போ, குறைபாடு உள்ள இளைஞர்களைப் பழக்கலாமேன்னு யோசிச்சார். இன்னைக்கும் அந்தத் திட்டத்துல பிள்ளைங்க நிஜமான வேலையிடத்துலதான் கத்துக்கறாங்க. நம்ம ஊர்ல பயிற்சின்னாலே பெரும்பாலும் மெழுகுவத்தி, பேப்பர் கவர்தான். அது எனக்குப் பிடிக்கல, சொல்லிட்டேன்.

நம்மகிட்ட சட்டம் இல்லாம இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாடும் இருக்கு. அரசு வேலையில 4 சதவீத இட ஒதுக்கீட்டுல ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவங்களோட இவங்களும் பகிர்ந்துக்கணும். ஆனா அதுக்குக் குறைபாடு 40 சதவீதம்னு சான்றிதழ் வேணும். பதினாறு வயசுல ஒரு வேலையைத் தொட்டுப் பார்க்கிறதுக்கு அந்த இட ஒதுக்கீட்டுல வழி இல்லை. அது பாய் மாதிரி ஒருத்தர் மனசு வச்சாதான்.

சரி, கேள்விக்கு வர்றேன். தம்பி இப்ப பதினொண்ணு படிக்கிறான். சனிக்கிழமை மட்டும் கடைக்குப் போறான். அந்த இருபது நாள் முடிஞ்சப்போ பாய் 3,000 ரூபா கொடுத்தார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திட்டு, அவனே மூணு தடவை எண்ணினான். மூணு தடவையும் சரியா வந்துச்சாம்.