கன்று பிறக்க ஊர் கூடும் சந்தை



மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடம் அமெரிக்காவின் வடக்கே, கனடா எல்லையை ஒட்டிய மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்று இரட்டை நகரங்கள். அங்கேதான் எங்கள் குடும்பம் குடியிருக்கிறது. இந்த நகரங்களுக்கு நடுவே ஃபால்கன் ஹைட்ஸ் என்ற சிற்றூரில் 322 ஏக்கர் மைதானம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அங்கே 'ஸ்டேட் ஃபேர்' என்னும் மாநிலச் சந்தை தொடங்கும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, அதாவது அமெரிக்கர்களின் தொழிலாளர் தினம் வரை 12 நாள் நடக்கும். 2019-இல் அந்தப் பன்னிரண்டு நாளில் வந்துபோனவர்கள் 21 லட்சத்துக்கும் மேல். மாநிலத்தின் மக்கள்தொகையே 57 லட்சம் அளவுதான்.

மினசோட்டா தனி மாநிலமானது 1858-இல். மறு ஆண்டே முதல் ஸ்டேட் ஃபேர் நடந்துவிட்டது. டகோட்டா பழங்குடியினரின் மண்ணில் புதிதாகக் குடியேறியவர்கள், இந்தக் குளிர் பூமியிலும் வெள்ளாமை எடுக்க முடியும் என்று காட்ட நடத்திய காட்சி அது. உள்நாட்டுப் போர், டகோட்டா போர் காரணமாக 1861, 1862 இரண்டு ஆண்டும் நடக்கவில்லை. 1946-இல் போலியோ பரவியதால் நிறுத்தினார்கள். 2020-இல் கொரோனா. இப்படிச் சில ஆண்டுகள் போக, இந்த ஊர்க்காரர்கள் இதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆறு மாதம் பனியில் அடைந்து கிடப்பவர்களுக்குக் கோடை முடிவதற்குள் வெளியே கூட வேண்டும் என்கிற தவிப்பு இருக்கத்தானே செய்யும்?

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அம்மா வந்திருந்த கோடையில் அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். ராட்டினத்துக்கு ஓடிய பிள்ளைகளை இழுத்துப் பிடித்து முதலில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகச் சொன்னவர் அவர்தான். அங்கே ஒரு பெரிய கட்டடம். நிறைமாதப் பசு, செம்மறி, பன்றி எல்லாவற்றையும் கொண்டுவந்து கட்டியிருப்பார்கள். அவை ஈனுவதை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். படிப்படியாக இருக்கைகள், பெரிய திரைகள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ மாணவர்கள் மைக்கைப் பிடித்து, இப்போது பனிக்குடம் உடைந்திருக்கிறது, இனி முன்னங்கால் தெரியும் என்று விளக்கம் சொல்வார்கள். கைக்குழந்தைக்காரிகள், தாத்தாக்கள், ஐஸ்கிரீம் தின்னும் பையன்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு இது பெரிய அதிர்ச்சி. அவர் ஊரில் மாடு ஈனும்போது அயலார் கண் படக்கூடாது என்று கொட்டகைக்குச் சாக்குத் திரை கட்டுவார்கள். இளங்கொடி விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றிக் கொண்டுபோய் ஆலமரத்தில் கட்டினால்தான் பால் பெருகும் என்பார்கள். "இத்தனை பேர் பாத்தா அது எப்படிப்பா ஈனும்?" என்று என்னையே கடிந்துகொண்டார். ஆனால் எழுந்து வரவில்லை. கன்றின் தலை வெளியே வந்ததும், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவியும் அவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். பாஷை தெரியாமலே இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, கன்று எழுந்து நிற்கும் வரை உட்கார்ந்திருந்தார்கள். "சீம்பாலு யாருக்கு?" என்று அம்மா கேட்டார். கன்றுக்குத்தான் என்றதும் அவருக்குத் திருப்தி.

அடுத்த கொட்டகையில் என் மகள் திகைத்தாள். ஃபோர்-எச் என்று ஒரு சிறுவர் அமைப்பு இங்கே மூலைமுடுக்கெல்லாம் உண்டு. கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த மாடு, ஆடு, பன்றியைப் போட்டிக்குக் கொண்டுவருவார்கள். மாட்டைக் குளிப்பாட்டி, காற்று ஊதும் கருவியால் மயிரை உலர்த்தி, வாலைக்கூடச் சீவிவிடுவார்கள். நடுவர் ஒவ்வொரு மாட்டையும் தடவிப் பார்த்து, இதற்கு ஏன் முதலிடம், அதற்கு ஏன் மூன்றாமிடம் என்று மைக்கில் காரணம் சொல்வார். பெயர் வைத்து, பக்கத்திலேயே படுத்துறங்கி வளர்த்த கறிமாட்டை அந்தப் பிள்ளைகளே பிறகு ஏலத்தில் விடுவார்கள். அது எங்கே போகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "இதுக்கு மனசு வருமா அப்பாயி?" என்று என் மகள் கேட்டாள். நேர்ந்துவிட்ட கிடாய்க்காகத் தான் சின்ன வயதில் மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்த கதையை அம்மா அவளுக்குச் சொன்னார். இங்கே அழுகையை மறைக்கிறார்கள், நாம் மறைப்பதில்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் திருவிழாவில் சாமி வீதியுலா வரும், நாம் கும்பிடுவோம். இங்கே உழைப்பைக் காட்சிக்கு வைத்து மார்க் போடுகிறார்கள். பூசணி, தேன், பின்னிய ஸ்வெட்டர், ஒட்டுத்துணிப் போர்வை, ஜாம், ஊறுகாய் எல்லாவற்றுக்கும் போட்டி, முதல் பரிசுக்கு நீல ரிப்பன். விதைகளை மட்டும் ஒட்டிச் செய்யும் படங்களுக்கு 1965 முதல் தனிப்பிரிவு இருக்கிறது. கடுகு, சோளம், அவரை விதைகளால் அரசியல்வாதிகளைக் கிண்டலடிக்கும் படங்களைப் பார்க்கவே நீண்ட வரிசை நிற்கும். ஊறுகாய் அலமாரி முன்னால் அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அடுத்த வீட்டு ஊறுகாய வாயில போட்டுப் பாத்து, இது மூணாவதுன்னு ஊரறிய ஒட்டி வெப்பாங்களா? நம்மூர்ல இப்படிச் செஞ்சா பேச்சுவார்த்தையே அத்துப்போயிரும்!"

பால்பண்ணைக் கட்டடத்துக்குள் கண்ணாடிக் குளிரறை ஒன்று மெதுவாகச் சுழலும். உள்ளே கம்பளிக் கோட்டும் தொப்பியும் போட்ட ஓர் இளம்பெண் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பால்பண்ணைக் குடும்பப் பெண்களில் ஒருத்தியை ஆண்டுதோறும் மாநிலத்தின் பால் இளவரசியாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவளுடைய முகத்தையும் இறுதிச்சுற்றுக்கு வந்த மற்றப் பெண்களின் முகங்களையும், ஆளுக்கு 90 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 41 கிலோ வெண்ணெய்க் கட்டியில் செதுக்குவார்கள். லிண்டா கிறிஸ்டென்சன் என்ற சிற்பி 1972-இலிருந்து 2021 வரை இந்த வேலையைச் செய்தார். சந்தை முடிந்ததும் தன் வெண்ணெய்த் தலையை அந்தப் பெண் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஊருக்கே சோளம் சுட்டு, அந்த வெண்ணெயைத் தடவி விருந்து வைப்பவர்களும் உண்டு!

இனி சாப்பாடு. குச்சியில் சொருகி விற்காத பண்டம் இங்கே குறைவு. இறைச்சி, ஊறுகாய், சீஸ்கேக் எல்லாமே குச்சியில்தான், நடந்துகொண்டே தின்ன வேண்டும். குச்சி என்றதும் ஒரு தடியின் கதையும் நினைவுக்கு வருகிறது. 1901 செப்டம்பர் 2-ஆம் தேதி, அப்போது துணை அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், மென்மையாகப் பேசு, கையில் பெரிய தடியும் வைத்திரு என்னும் பொருளில் புகழ்பெற்ற உரையை ஆற்றியது இந்தச் சந்தையில்தான். அதே மாதம் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறக்க, ரூஸ்வெல்ட் அதிபரானார். தடிக்கும் இந்தச் சந்தைக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சுட்ட சோளக்கதிரின் தோலை வாழைப்பழம் போல உரித்துப் பின்னுக்கு மடக்கி, உருக்கிய வெண்ணெயில் முக்கித் தருவார்கள். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளும் எலுமிச்சம்பழமும் பையில் எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டது. பக்கத்தில் நின்றவர்களும் கேட்டு வாங்கித் தூவிக்கொண்டார்கள். சில டாலர் கொடுத்தால் வேண்டுமட்டும் பால் குடிக்கும் கடையும் உண்டு. என் மகன் குடித்த அளவைப் பார்த்து அம்மா, "போதும் கண்ணு, வயித்துக்கு ஆகாது" என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

இந்த மாநிலத்தில் பள்ளிகள் பொதுவாகத் தொழிலாளர் தினத்துக்கு முன்னால் திறக்கக்கூடாது என்று, சில விலக்குகளோடு, சட்டமே இருக்கிறது. அதனால் கடைசி வாரத்தில் பிள்ளைகள் கூட்டம் நெரியும். நீங்கள் போவதாக இருந்தால் வார நாளில் போங்கள். ஊருக்கு வெளியே இலவச நிறுத்தங்களில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வாருங்கள். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் தண்ணீரும் அவசியம். வயதானவர்களைக் கூட்டிப்போனால், ராட்டினத்துக்கு முன்னால் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாடு வளர்த்தவர்கள் சொல்லித்தான் நம் பிள்ளைகளுக்கு அங்கே பாதி விஷயம் விளங்கும்.