பெருவிரல் சொல்லும் செய்தி



மௌனம் சம்மதத்தின் அறிகுறி என்று உலக வழக்கில் ஒரு சொல் உண்டு. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் அச்சொல் செல்லாது. அங்கே மேசைமீது கிடப்பவர் முகம் சுளிக்கவில்லை, முனகவில்லை, விரல் அசைக்கவில்லை என்பதனால் அவர் உறங்குகிறார் என்றோ, வலியின்றி இருக்கிறார் என்றோ கொள்ள இயலாது. அவருடைய அசைவின்மை உறக்கத்தால் வந்ததன்று. அதற்கெனவே தனியாகச் செலுத்தப்பட்ட ஒரு மருந்தால் வந்தது. சொல்லாமல் விடப்பட்டதைக் கேட்கப் பழகியவர்கள் கூடியுள்ள இவ்வவையில் தசைத்தளர்த்தி மருந்துகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகாது.

மயக்கம் என்று பொதுவாக வழங்குவது உண்மையில் மூன்று செயல்களின் கூட்டு. நினைவு அகல வேண்டும். வலி அடங்க வேண்டும். தசைகள் தளர வேண்டும். ஈதர் ஆண்ட காலத்தில் ஒரே ஆவி இம்மூன்றையும் செய்தது. ஆனால் வயிற்றுத் தசை அறுவையாளரின் கைக்கு இளகிக் கொடுக்கும்வரை ஈதரை ஏற்றினால் நோயாளி உயிருக்கே ஊறு நேரக்கூடிய ஆழத்திற்குப் போய்விடுவார். தசைக்கெனத் தனி மருந்து கிடைத்தபின் அத்தகைய ஆழ்மயக்கம் தேவையற்றதாயிற்று. நன்மை பெரிது. எனினும் அன்றே ஒரு சிக்கலும் உடன்பிறந்தது. அசைவு ஒருவழியும் நினைவு ஒருவழியுமாகப் பிரிந்தன.

அம்மருந்தின் மூலம் ஓர் அம்பு நஞ்சு. தென்னமெரிக்கக் காட்டு மக்கள் கொடிகளிலிருந்து காய்ச்சி எடுத்து வேட்டைக்குப் பயன்படுத்திய குராரே அது. சார்லஸ் வாட்டர்டன் என்னும் ஆங்கிலேயப் பயணி அதனைக் கொண்டுவர, 1814இல் இலண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அந்நஞ்சு ஏற்றப்பட்டது. கழுதை விழுந்தது, மூச்சு நின்றது. மூச்சுக்குழலில் துளையிட்டுத் துருத்தியால் காற்றை ஊதிக்கொண்டே இருந்தனர். நஞ்சின் வீரியம் தணிந்ததும் அது எழுந்து நின்றது. வாட்டர்டனின் பண்ணையில் 1839 வரை உயிரோடிருந்தது. குராரே இதயத்தைக் கொல்வதில்லை, மூச்சுத் தசையை மட்டுமே முடக்குகிறது என்ற பாடத்தை அந்தக் கழுதை கண்கூடாகக் காட்டியது. பின்னர் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் தவளைகளைக் கொண்டு ஆராய்ந்து, இந்நஞ்சு நரம்பையும் தாக்குவதில்லை, தசையையும் தாக்குவதில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் செய்தியை மறிக்கிறது என்று காட்டினார். நரம்பின் முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் தூதுப்பொருள் தசையின் ஏற்பிகளை அடையாதவாறு மருந்து முன்னரே அமர்ந்துகொள்கிறது என்பது பிற்காலத்தார் கண்ட விளக்கம். குராரேயால் மடியும் உயிர் அசைவற்ற உடலுக்குள் உணர்வோடு இருக்கிறது என்பதை 1864இலேயே பெர்னார் பொதுமக்களுக்கான கட்டுரை ஒன்றில் எழுதினார். அந்த எச்சரிக்கை உரிய காலத்தில் உரியவர் செவியில் விழவில்லை.

1942 ஜனவரி 23ஆம் நாள் கனடாவின் மான்றியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்னும் இரு மருத்துவர்கள் குடல்வால் அறுவையின்போது குராரேயை முதன்முதலாகத் துணிந்து செலுத்தினர். வயிறு இளகியது, அறுவை எளிதாயிற்று. சில ஆண்டுகளில் மருந்து பரவியது. கூடவே ஒரு மயக்கமும் பரவியது, அதுவும் மருத்துவரிடையே. குராரேயே நினைவையும் போக்கும் என்று சிலர் கருதினர். அசையாதவன் அறியாதவன் என்பது அவர்கள் கணக்கு.

அக்கணக்கைத் திருத்த ஒருவர் தம் உடலையே கொடுத்தார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்காட் ஸ்மித் என்னும் மயக்கவியல் மருத்துவர், வேறு எம்மருந்துமின்றி, மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இரண்டரை மடங்கு குராரேயை ஏற்றுக்கொண்டார். உடனிருந்தோர் அவருக்குச் செயற்கைச் சுவாசம் அளித்தனர். அசைவு இருந்தவரை கேள்விகளுக்குச் சைகையால் விடையளித்தார். பின்னர் அதுவும் நின்றது. புறத்தே பார்ப்பவர்க்கு அவர் பிணம் போன்றவர். தெளிந்தெழுந்தபின், தமக்குச் செய்யப்பட்டவை, தம் அருகில் பேசப்பட்டவை அனைத்தையும் பிழையின்றிக் கூறினார். வலியும் குறையவில்லை, நினைவும் மங்கவில்லை. 1947இல் அம்முடிவு அச்சேறியது. மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையான சான்றுரைகள் மிகச்சிலவே.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டிற்கென ஓர் இயலே வகுத்தார். உள்ளத்து நிகழ்வது உடலில் வெளிப்படும் என்பதே அதன் அடிப்படை. தசைத்தளர்த்தி மருந்து அவ்வடிப்படையின் பெரும்பகுதியைக் குலைக்கிறது. நகையில்லை, நடுக்கமில்லை, கதறலில்லை. எஞ்சுபவை கண்ணீரும் வியர்வையும் இதயத்துடிப்பும்; இவற்றை ஆள்பவை அம்மருந்துக்குக் கட்டுப்படாதவை. பழைய மயக்கவியலார் இமையை விலக்கிக் கண்ணீர் கசிகிறதா என்று பார்த்தது இதனால்தான். ஆயினும் இவ்வறிகுறிகள் எப்போதும் உண்மை சொல்வதில்லை. 1977இல் டன்ஸ்டால் என்பவர் எளிய வழியொன்றைக் காட்டினார். மருந்து செலுத்துமுன் ஒரு கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி, அக்கைக்கு மட்டும் மருந்து செல்லாமல் தடுத்தார். உடல் முழுதும் செயலற்றுக் கிடக்க, ஒரு கை மட்டும் விடுதலையோடிருக்கும். ‘கேட்கிறதா? என் கையைப் பிடியுங்கள்’ என்று கேட்கலாம். பல நாட்டு மருத்துவமனைகளில் இம்முறையால் ஆராயப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில் 260 பேரில் 12 பேர் கையைப் பிடித்தனர்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளிவந்த பேராய்வு, அறுவையின் நடுவே விழித்திருந்ததாகத் தாமே கூறியவர்களைக் கணக்கிட்டது. தசைத்தளர்த்தி பெற்றவர்களில் ஏறத்தாழ 8,000 பேருக்கு ஒருவர். பெறாதவர்களில் ஏறத்தாழ 1,36,000 பேருக்கு ஒருவர். அவர்களைப் பெரிதும் வாட்டியது வலியைவிட, அசைய முடியாமையே.

உறக்கத்தின் கதை இது. விழிப்பின் கதை வேறு. அறுவை முடிந்தும் மருந்து முற்றும் நீங்காதிருந்தால் நோயாளி மூச்சுக்குத் திணறுவார். 1954இல் பீச்சர், டாட் என்னும் இருவர் பத்து அமெரிக்க மருத்துவமனைகளின் ஏறத்தாழ ஆறு இலட்சம் மயக்கங்களை ஆராய்ந்து, தசைத்தளர்த்தி பெற்றவரிடையே மயக்கம் சார்ந்த இறப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு என்றனர். பழி மருந்தின்மீது சுமத்தப்பட்டது. அளந்து பாராமல் மூச்சைக் கைவிட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பதே நேர்மையான தீர்ப்பாகும்.

அளப்பது எவ்வாறு? லிவர்பூலில் அலி, அட்டிங், கிரே ஆகியோர் 1970 வாக்கில் வகுத்த முறையே இன்றும் நிலைத்துள்ளது. மணிக்கட்டின் ஓரத்து நரம்பில் அரை நொடிக்கு ஒன்றாக நான்கு சிறு மின்துடிப்புகள் தரப்படும். ஒவ்வொன்றுக்கும் பெருவிரல் உள்நோக்கி அசையும். யாப்பறிந்தோர்க்கு இது நாற்சீர் அளவடிபோலத் தோன்றலாம்; ஆனால் இவ்வடியில் மருந்து இருக்கும்வரை சீர்கள் தேய்ந்துகொண்டே வரும். நான்காம் அசைவை முதல் அசைவால் வகுத்தால் கிடைக்கும் விகிதமே அளவுகோல். முதலசைவை மட்டும் பார்த்து நிறைவடைவது ஏமாற்றம். ஏற்பிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அடைபட்டிருக்கும்போதும் ஓர் அசைவு குறையாமல் தோன்றக்கூடும். கண்ணும் கையும்கூடப் போதா, விகிதம் 0.4ஐத் தாண்டியதும் தேர்ந்தவர்க்கும் தேய்வு புலப்படுவதில்லை. கோபன்ஹேகனில் 1979இல் வெளியான ஆய்வில், அறுவை முடிந்து தெளிவறைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர், அன்று போதுமெனக் கருதிய 0.7ஐக்கூட எட்டியிருக்கவில்லை.

அந்த 0.7உம் போதாதெனப் பின்னர் தெரிந்தது. மருந்து உடலெங்கும் ஒரே வேகத்தில் நீங்குவதில்லை. உதரவிதானம் முந்தி மீளும். தொண்டைத் தசைகள் பிந்தும். மார்பு ஏறி இறங்கும். ஆனால் விழுங்கும் ஆற்றல் குறைந்திருப்பதால் உமிழ்நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். ஆதலின் 0.9 என்பது வரம்பாயிற்று. அமெரிக்க, ஐரோப்பிய மயக்கவியல் சங்கங்கள் இரண்டும் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளில் கருவியால் அளந்தே இவ்வரம்பை உறுதிசெய்யுமாறு பரிந்துரைத்தன. ஒரு பெருவிரலை அளந்து பார்க்க வேண்டும் என்பதை ஏற்க அரை நூற்றாண்டு ஆயிற்று!

மருந்தை முறிப்பதிலும் இதே பொறுமை வேண்டும். நியோஸ்டிக்மின் தூதுப்பொருள் சிதையாமல் காத்து, அதன் எண்ணிக்கையைப் பெருக்கிப் போட்டியில் வெல்லச் செய்கிறது. மருந்தின் பிடி இறுக்கமாக இருக்கையில் தந்தால் பயனில்லை. 2008இல் ஐரோப்பாவிலும் 2015இல் அமெரிக்காவிலும் இசைவு பெற்ற சுகமடெக்ஸ் வேறுவகை. வளைய வடிவ மூலக்கூறாகிய அது ரோகுரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் தனக்குள் பொதிந்து அப்புறப்படுத்துகிறது. அட்ராகூரியத்தை அதனால் பொதிய இயலாது. அம்மருந்து குருதியின் வெப்பத்திலும் காரத்தன்மையிலும் பெருமளவு தானாகவே சிதைந்துவிடும்.

தையல் முடிந்துவிட்டது. அடுத்த நோயாளி வாயிலில் காத்திருக்கிறார். அறுவையாளர் கையுறையைக் கழற்றிவிட்டார். கருவியின் திரையில் 0.7 நிற்கிறது. மயக்கவியல் மருத்துவர் அசையவில்லை. சில நிமிடங்கள் செல்கின்றன. மீண்டும் நான்கு துடிப்புகள், பெருவிரல் நான்கு முறையும் ஏறத்தாழ ஒன்றுபோல் மடங்குகிறது, எண் 0.9ஐக் கடக்கிறது. அதன்பின் தொண்டையிலிருந்து குழாய் வெளியே எடுக்கப்படுகிறது. நோயாளி இருமுகிறார். பெயர் சொல்லி அழைத்ததும் கண் திறக்கிறார்.