நாடாவில் உறங்கும் குரலும் நூலகர் கற்கவேண்டிய தொழிலும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் பொறிகளைப் பற்றிப் பேசப் புகுவது உங்களிற் சிலர்க்கு நகை விளைக்கக்கூடும். ஆயினும் காரணமின்றிப் புகுந்தோமல்லோம். எமக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியரின் பாடமொன்றை உடன்பயின்றார் ஒருவர் ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தார். பல்லாண்டு கழிந்து அதனை எடுத்தபோது நாடாவின்மேல் வெண்பூசணம் படர்ந்திருந்தது. அறியாமையால் அப்படியே பொறியிலிட்டுச் சுழற்றினோம், நாடா அறுந்தது, குரலும் போயிற்று. 'இடாதீர்' என்று தடுத்துக் கூறுவார் அன்று அருகில் ஒருவரும் இலர்.

அங்ஙனம் கூறவல்லார் நூலகத்திலேயே இருத்தல் வேண்டும் என்பதே இன்று யாம் சொல்ல வந்தது.

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரப் பொதுநூலகத்தார் 2009-இல் 'யூமீடியா' என்னும் கூடம் திறந்து, இளைஞர்கள் பாட்டும் படமும் பதிவு செய்ய வழிவகுத்தனர். அது நிற்க. வாஷிங்டன் பொதுநூலகத்தார் 2016-இல் 'மெமரி லேப்' என்றோர் அறை அமைத்தனர். ஒலிநாடா, வி.எச்.எஸ். ஒளிநாடா, பழம் புகைப்படம் முதலியவற்றைக் கொணர்வோர், கட்டணமின்றித் தம் கையாலேயே அவற்றைக் கணினிக் கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். அவ்வாண்டு சூலையிலேயே வி.சி.ஆர். பொறி செய்வோருள் இறுதியாக எஞ்சியதாகக் கருதப்பட்ட ஜப்பானிய பூனாய் நிறுவனமும் அத்தொழிலை நிறுத்திற்று. நாடா நைகின்றது, பொறியோ அருகுகின்றது. 2017-இல் தொடங்கிய திட்டத்தில், வேறு ஏழு பொதுநூலகத்தாரும் இத்தொழிலிற் பயிற்சி பெற்றுத் தத்தம் ஊரில் இத்தகைய அறை அமைக்க வழி பிறந்தது.

அவர்கள் கற்கவேண்டுவது யாது? நாடாவிற் காந்தத் துகளாய்க் கிடக்கும் ஒலி, மின்னலையாகி வருகின்றது. மாற்றுப்பொறி அவ்வலையை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாகக் குறிக்கின்றது. குறுந்தகட்டின் கணக்கு இதுவே. இருதடத்து ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 63.5 கோடி பைட்டு இடங்கொள்ளும். ஒரு மணி நாடாவை மாற்ற ஒரு மணியே ஆகும். ஏடு புரட்டுவதுபோல் விரைதல் இயலாது. ஒளிநாடாவிலோ காலவொழுங்கு தடுமாறிப் படம் நடுங்கும். அதனைத் திருத்த 'டைம் பேஸ் கரெக்டர்' என்றொரு கருவி உண்டு. இதனையறியாத நூலகர், 'உம் நாடா கெட்டது, அம்மா' என்று நல்ல நாடாவையும் திருப்பியனுப்பிவிடுவார். அவ்வம்மையும் நம்பிச் செல்வாள்!

இவை யாவற்றினும் முன்னே கற்பிக்கத் தக்கது மிகச் சிறியது. நாடாப் பேழையின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தடுக்கைப் பெயர்த்துவிடின் அதன்மேல் மறுபதிவு ஏறாது. அதனை மறந்து பதிவுப் பொத்தானை அழுத்தினால், பாட்டியின் தாலாட்டு அழிந்தேபோகும்.

ஒருநாட் சொற்பொழிவால் இக்கல்வி வாராது (எம் சொற்பொழிவும் அவ்வாறே!). நூலகர் தம் வீட்டு நாடாவையே கொணர்ந்து, தம் கையாலேயே மாற்றிப் பழகல் வேண்டும். தம் தந்தை குரல் அதிலிருப்பின் கை தானே கவனங்கொள்ளும். கணினி தெரிந்த இளைஞர் ஒருவரிடம் அறையை ஒப்படைத்துப் பிறர் ஒதுங்குதலையும் யாம் ஒப்போம். அவர் வேலை மாறிச் சென்றால் பொறிகள் தூசு படியும். நூலகர் அஞ்சவும் வேண்டா. பேசுவார் யாவர், எந்நாள், எவ்வூர் என்று குறித்து வைத்தலும், கோப்பின் படிகளை இருவேறிடத்துக் காத்தலும் அவர்தம் பழைய தொழிலோடு ஒட்டியனவேயன்றோ? பெயரின்றிக் கிடக்கும் கோப்பு, அட்டவணையில் ஏறாத நூல் போல்வதே.

எம் வீட்டுப் பெட்டியில் இன்னும் நான்கு நாடாக்கள் உள. பூசணம் நீக்கத் தெரிந்த ஒருவரைக் காணுமளவும் அவற்றைப் பொறியில் இடாது வைத்திருக்கின்றோம்.