கதவைத் திறந்த அந்த எகிப்தியர்



திருக்குடும்பத் திருநாளை ஒட்டிய இந்த நாள்களில் ஓர் இரவுப் பயணம் நம் நினைவுக்கு வருகிறது. கனவில் எச்சரிக்கப்பட்ட யோசேப்பு, விடியும்வரை காத்திராமல் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகிறார் (மத் 2:13-15). குடில் ஜோடிப்பதில் நாம் காட்டும் அக்கறையை இந்தப் பகுதியை வாசிப்பதில் காட்டுவதில்லை. எகிப்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தது யார்? யோசேப்புக்குத் தச்சு வேலை கொடுத்தது யார்? நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவர் கதவைத் திறந்திருக்க வேண்டும். அவர் நம் மறையைச் சேர்ந்தவராக இருந்திருக்கவும் முடியாது. பெயர் தெரியாத அந்த மனிதரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அப்படிப்பட்ட ஒருவர் நம் நாட்டிலும் இருந்தார். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1939 செப்டம்பரில், போலந்து நாட்டை மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் யூனியனும் பங்குபோட்டுக்கொண்டன. 1940 முதல் கிழக்குப் போலந்தின் குடும்பங்கள் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு, சைபீரியாவுக்கும் கசக்ஸ்தானுக்கும் நாடு கடத்தப்பட்டன. பனியிலும் பசியிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏராளம். 1941இல் விடுதலை கிடைத்தபோது போக வீடும் இல்லை, நாடும் இல்லை.

அப்போது கதவைத் திறந்தவர், இன்றைய குஜராத்தில் இருந்த நவாநகர் சமஸ்தானத்தின் அரசர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங். கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்கின் வாரிசு இவர். ஜாம்நகருக்கு அருகே பாலாச்சடியில், தம் கோடைகால மாளிகையின் பக்கத்திலேயே அந்தப் பிள்ளைகளுக்கு 1942இல் முகாம் அமைத்தார். நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் அங்கே வளர்ந்தார்கள். அடுத்த ஆண்டு கோலாப்பூர் அருகே வலிவடேயில் இன்னும் பெரிய குடியிருப்பு எழுந்தது. தாய்மாரும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 5,000 போலந்து மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். நாடு அப்போது அடிமை நாடு. வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. இருந்தும் நம் மண் அவர்களுக்குச் சோறு போட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த அரசர் இந்து. வந்த பிள்ளைகளோ கத்தோலிக்கர். உதவிக்கு விலையாக எதையும் விட்டுவிடும்படி அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் தங்கள் மொழியில் படித்தார்கள், தங்கள் பாட்டைப் பாடினார்கள், தங்கள் குருவானவரோடு திருப்பலி கண்டார்கள். சோறு போடுவது எளிது. வந்தவரை அவராகவே இருக்கவிடுவதுதான் கடினம்.

1948இல் வலிவடே முகாம் மூடப்பட்டது. கம்யூனிச ஆட்சியின் கீழிருந்த தாய்நாட்டுக்குத் திரும்பப் பலருக்கும் மனமில்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா எனச் சிதறிப்போனார்கள். போன இடமெல்லாம் தங்கள் மொழியையும் ஆலயத்தையும் காத்துக்கொண்டார்கள். அவற்றோடு இந்தியாவின் நினைவையும் காத்தார்கள். முகாம்களில் வளர்ந்தவர்கள் முதிய வயதிலும் கூடி, தங்களுக்குச் சோறிட்ட மண்ணைப் பற்றித் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். வார்சா நகரில் இன்று ‘நல்ல மகாராஜா சதுக்கம்’ என்ற பெயரில் ஓர் இடமே இருக்கிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது இலட்சக்கணக்கானோர் போலந்து எல்லையைக் கடந்தார்கள். போலந்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டு அறைகளையே அவர்களுக்குக் கொடுத்தன. உக்ரைனில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களை விசா இல்லாமலேயே போலந்து உள்ளே வரவிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு முன் நாம் இட்ட சோறு, நம் பிள்ளைகளுக்கே திரும்பி வந்தது போலத் தோன்றவில்லையா?

அன்பர்களே, போலந்து தூரம். நம் ஊருக்கு வருவோம். நாமும் அந்நியராய் இருந்தவர்கள்தாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாய் ரெயூனியோன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேறினார்கள். கூலிகளைச் சுமந்த ‘ஒரேலி’ என்ற கப்பல் குவாதலூப் கரையைத் தொட்டது 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்பின் முந்தைய நாளில். வில்லியனூரில் நாம் தேடிச் செல்லும் லூர்து அன்னையின் திருவுருவமும் பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்ததுதானே!

அவ்வளவு பின்னோக்கிப் போகவும் வேண்டாம். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்ததே, அந்த நாள்களை நினைத்துப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துத் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். யாரோ கொண்டுவந்த பொட்டலத்துக்குக் கை நீட்டினோம். கை நீட்டும்போது உள்ளே கூசியதல்லவா? அந்தக் கூச்சத்தை மறக்காமல் வைத்திருப்பது நல்லது. அடுத்தவருக்குக் கொடுக்கும்போது எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அதுதான் சொல்லித்தரும்.

நமக்கு அருகிலேயே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களுக்கென்று தமிழகத்தில் அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அதுவும் ஒன்று. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை நீக்கி ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே படித்த முகாம் பிள்ளைகள் பலருக்கு இன்னும் இந்தியக் குடியுரிமை இல்லை. நம் மொழி பேசுகிறவர்கள், நம்மோடு ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்கிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? திருபுவனை, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கு வடநாட்டிலிருந்து வந்து உழைக்கும் இளைஞர்களில் ஒருவருடைய பெயராவது தெரியுமா?

நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லையே என்று நாம் முணுமுணுக்கிறோம். அந்தக் கவலை உண்மையானது, அதைப் பழிப்பதற்கில்லை. ஆனால் நம் பிள்ளையின் வேலையைப் பறித்தவர், தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துறங்கும் அந்தப் பையன் அல்ல. நம்முடைய கோபம் வலியவரை விட்டுவிட்டு, எளியவர் மேல் பாய்கிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

எனவே, ஒவ்வோர் அன்பியமும் இந்தப் புத்தாண்டில் ஒன்று செய்யலாம். முகாமில் ஒரு குடும்பத்தை, அல்லது வெளிமாநிலத் தொழிலாளர் ஒருவரைத் தெரிந்துகொள்வோம். அரிசி மூட்டையோடு போய்ப் படம் எடுத்துத் திரும்புவதோடு நிறுத்தாமல், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிப்போம். அவர்கள் கதையைக் கேட்போம். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு, மருத்துவமனைச் சீட்டுக்கு அலையும்போது கூட நடப்போம். பாஸ்காவுக்கு நம் வீட்டுக்கு அழைப்போம்.

மறுமை நாளில் ஆண்டவர், தாம் அந்நியராய் வந்தபோது ஏற்றுக்கொண்டோமா என்று நம்மிடம் கேட்கப்போகிறார் (மத் 25). எகிப்தில் கதவைத் திறந்த அந்த மனிதருக்கு, உள்ளே வந்த குழந்தை யாரென்று தெரிந்திருக்காது. நமக்கும் தெரியப்போவதில்லை. கதவை மட்டும் திறந்து வைப்போம்.

நாடிழந்து நடந்த திருக்குடும்பமே, எங்களுக்காக மன்றாடும். ஆமென்.